தரை டைலும் படிக்கட்டுக் கல்லும்: தஞ்சாவூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூருக்கு வெளியே, நெல்வயல்களை ஒட்டி எழுந்த புதிய குடியிருப்பு ஒன்றில், 30 அடிக்கு 50 அடி மனையில் இரண்டு தளங்களாகக் கட்டப்பட்ட வீடு இது. சுவர்ப் பூச்சு முடிந்து, வாசற்கால் நிறுத்தப்பட்டு, தரை வேலை தொடங்க இன்னும் பத்து நாள்களே இருந்த நிலையில், வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்னை அழைத்தார். கூடத்துக்கும் அறைகளுக்குமான டைலை அவர் திருச்சியில் ஒரு கடையில் தேர்ந்தெடுத்து முன்பணமும் கட்டியிருந்தார். படிக்கட்டுக்கு மட்டும் முடிவு ஏற்படவில்லை. அதே டைலையே படிக்கும் ஒட்டிவிடலாம் என்றார் டைல்ஸ் மேஸ்திரி. கருப்பு கிரானைட்தான் எடுப்பாக இருக்கும் என்றார் கடைக்காரர். அயல்நாட்டில் இருந்த மகன் தேக்குப் பலகை வைத்த படிகளின் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். "தரைக்குப் பொருத்தமா படிக்கு என்ன போடலாம், சார்?" என்பது அம்மையார் என்னிடம் கேட்ட கேள்வி.

வீட்டில் மூவர். ஆசிரியை, அவர் கணவர், கணவரின் தாயார். தாயாருக்கு வயது 78. ஒரு கண்ணில் புரை நீக்கிய பிறகு மறு கண்ணுக்கான சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பூஜை அறை மேல்தளத்தில் அமைந்துவிட்டதால் அவர் நாளுக்கு இரண்டு முறையாவது படியேறி இறங்குவார் என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. பூஜை அறையைக் கீழே கொண்டுவர முடியுமா என்று நான் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் மௌனம்தான். எனவே அதை மாற்ற முடியாத நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட டைல். அது 600க்கு 1200 மி.மீ. அளவுள்ள, வெள்ளைப் பளிங்கில் சாம்பல் நரம்பு ஓடுவதுபோல் அச்சிட்ட, கண்ணாடிபோல் மினுக்கிய விட்ரிஃபைடு டைல், கடைகளில் பி.ஜி.வி.டி. என்று வழங்குவது. இந்தியக் கடைகளில் விற்கும் டைல்களில் பெரும்பகுதியைப் போலவே இதுவும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்தது. விட்ரிஃபைடு டைல் நீரை உறிஞ்சும் அளவு அரை விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதால் தரைக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் பி.ஜி.வி.டி. வகையில் நாம் பார்க்கும் நரம்பும் நிறமும் மேற்பரப்பில் உள்ள மெல்லிய அச்சுப் படலத்தில் மட்டுமே உள்ளன. அதன் கீழே உடல் வேறு நிறம். டபுள் சார்ஜ் என்னும் வகையில் நிறப்படலம் ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. ஆழத்துக்கு இருக்கும், ஃபுல் பாடி என்னும் வகையில் உடல் முழுவதும் ஒரே நிறம். தட்டையாகப் பதியும்போது இந்த வேறுபாட்டை யாரும் அறியமாட்டார்கள். படியின் விளிம்பில் வெட்டுமுகம் வெளியே தெரியும் இடத்தில்தான் அது அம்பலமாகும்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை தலைகீழ் வரிசையில் நடந்திருந்தது. தரைக்கு ஏற்ற டைல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒன்று கிடைக்காவிட்டால் அதன் சாயலில் பத்து கிடைக்கும். படிக்கட்டுக்கு ஏற்ற பொருள்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றின் கனம் படியின் உயரத்தையே மாற்றக்கூடியது; விளிம்பும் வழுக்குத்தன்மையும் காலின் பாதுகாப்பைத் தீர்மானிப்பவை. எனவே படிக்கல்லை முதலில் முடிவு செய்து, அதை ஒரு துண்டு கையில் எடுத்துக்கொண்டு டைல் கடைக்குப் போயிருக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் மாறியே நடக்கிறது. கூடத்தின் டைல்தான் விருந்தினர் கண்ணில் முதலில் படும் என்பதால் மனம் அங்கேயே நிற்கிறது. சிவப்புக் காவி பூசிய பழைய தஞ்சை வீடுகளில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்ததில்லை. தரையிலும் திண்ணையிலும் படியிலும் ஒரே காவி, ஒரே கொத்தனார் கை.

படியின் உயரம்

நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். கால் வைக்கும் பரப்பை மிதி என்றும், நிமிர்ந்து நிற்கும் முகப்பை ரைசர் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இது நடுவே ஒரு லேண்டிங் (படி திரும்பும் இடத்தில் உள்ள மேடை) கொண்டு திரும்பும் படிக்கட்டு. கீழ்த்தளக் கான்கிரீட்டிலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை 3150 மி.மீ.; அதை 18 ரைசராகப் பிரித்து, ஒவ்வொன்றும் 175 மி.மீ. வரும்படி கான்கிரீட் போடப்பட்டிருந்தது. மிதியின் அகலம் 250 மி.மீ. குடியிருப்புகளின் உட்படிக்கட்டுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைத்துள்ள எல்லைகள் ரைசருக்கு 190 மி.மீ.-க்கு மிகாமலும் மிதிக்கு 250 மி.மீ.-க்குக் குறையாமலும் என்பவையே. ஆகவே வெறும் கான்கிரீட்டாகப் பார்த்தால் படிக்கட்டில் குறையில்லை. "ரா லெவல் எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு, சார்" என்று மேஸ்திரி சொன்னதும் உண்மையே.

சிக்கல் அதன்மேல் வரப்போகும் கனத்தில் இருந்தது. வாசற்கால் முன்பே நிறுத்தப்பட்டுவிட்டதால் கூடத்தின் தரைமட்டம் படியடியில் உள்ள கான்கிரீட்டிலிருந்து 75 மி.மீ. உயர வேண்டும், அதற்குக் குறைத்தால் வாசற்படியில் தேவையற்ற பள்ளம் விழும். மேல்தளத்தில் தரையின்மேல் ஓடும் மின்குழாய்களை மறைக்க, மேஸ்திரி 60 மி.மீ. கனம் வைத்திருந்தார். படிகளுக்கோ 18 மி.மீ. கிரானைட்டும் 22 மி.மீ. கலவையுமாக 40 மி.மீ. போதும் என்பது அவர் கணக்கு. இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். தரை 75 உயர்ந்து முதல் மிதி 40 மட்டுமே உயர்வதால் முதல் ரைசர் 140 மி.மீ.-ஆகக் குறுகும். இடைப்பட்டவை 175-ஆகவே நிற்கும். கடைசி மிதி 40 உயர, மேல்தளம் 60 உயர்வதால் கடைசி ரைசர் 195 மி.மீ. ஆகும்; விதி சொல்லும் எல்லையை அது தாண்டிவிடுகிறது. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே 55 மி.மீ. வேறுபாடு. அதே டைலைப் படிக்கும் ஒட்டுவது என்ற முதல் யோசனைப்படி மிதியின் கனம் 30 மி.மீ.-ஆகக் குறைந்திருந்தால் முதல் ரைசர் 130, கடைசி ரைசர் 205 என்று நிலை இன்னும் மோசமாகியிருக்கும்.

படியேறும் கால் முதல் இரண்டு படிகளிலேயே உயரத்தைப் பழகிக்கொண்டு, அதன்பின் கண்ணை எதிர்பாராமல் அதே உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். வேறுபட்ட ஒரே ஒரு படிதான் அதைத் தடுக்கி விழ வைக்கும். அமெரிக்கக் குடியிருப்பு விதிகள் ஒரே படி வரிசையில் உள்ள மிக உயர்ந்த ரைசருக்கும் மிகத் தாழ்ந்த ரைசருக்கும் இடையே 9.5 மி.மீ.-க்கு மேல் வேறுபாடு கூடாது என்கின்றன. நம்மூர் வீடுகளில் கடைசிப் படி மட்டும் "கொஞ்சம் ஏத்தமா" இருப்பதை எத்தனை இடங்களில் பார்த்திருப்போம்! அது தளம் போட்ட கொத்தனாரின் பிழை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தரையின் கனத்தையும் படியின் கனத்தையும் தனித்தனியே முடிவு செய்ததன் விளைவு.

தீர்வு கணக்கில்தான் கிடைத்தது. மேல்தளத்தில் மின்குழாய்களைச் சுவரோரமாக ஒதுக்கி, சமதளக் கலவையின்மேல் ஒட்டுப்பசை கொண்டு டைல் பதித்தால் 60 மி.மீ. கனத்தை 40 மி.மீ.-ஆகக் குறைக்கலாம் என்று மின்பணியாளரும் மேஸ்திரியும் ஒப்புக்கொண்டனர். அப்போது முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைவரை உயரம் 3150-உடன் 40-ஐக் கூட்டி 75-ஐக் கழித்தால் 3115 மி.மீ. அதை 18-ஆல் வகுத்தால் ஒவ்வொரு ரைசரும் 173 மி.மீ. என்று வருகிறது. இதை அடைய, கிரானைட்டின் அடியில் உள்ள கலவை எல்லாப் படியிலும் ஒரே கனமாக இருக்கக் கூடாது. முதல் படியில் 55 மி.மீ.-இல் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 2 மி.மீ. குறைந்துகொண்டே போய், கடைசி மிதியில் 24 மி.மீ.-இல் முடிய வேண்டும். நடுவில் உள்ள லேண்டிங்கில் அது 40 மி.மீ.-ஐ ஒட்டி வரும்.

இதை வாயால் சொல்லி வேலை வாங்க முடியாது. தண்ணீர் மட்டக் குழாய் வைத்து இரண்டு தளங்களிலும் முடிந்த தரையின் மட்டக்கோட்டைச் சுவரில் போட்டோம். ஒரு நீள ரீப்பரில் 173 மி.மீ.-க்கு ஒரு கோடாகக் குறித்து, அதைக் கொண்டு படியோரச் சுவரில் ஒவ்வொரு மிதியின் முடிந்த மட்டத்தையும் பென்சிலால் வரைந்தோம். பின்ன மில்லிமீட்டர்கள் சேர்ந்து கடைசியில் ஒரு படியில் விழாதிருக்க, லேண்டிங்கிலும் மேல்தளத்திலும் மட்டக்கோட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டோம். அரை நாள் வேலை.

எந்தக் கல்

பி.ஜி.வி.டி. டைலைப் படியில் பதிக்கும் யோசனையை நான் மறுத்ததற்கு உயரம் மட்டும் காரணமன்று. மிதியின் விளிம்பு ரைசரைவிட ஓர் அங்குலம் முன்னே நீண்டிருக்கும். நோசிங் எனப்படும் இப்பகுதிக்கு அடியில் தாங்குதல் கிடையாது. 9 மி.மீ. டைல் அங்கே கனமான பொருள் விழுந்தால் உடையும். நீட்டாமல் இரண்டு டைல்களையும் 45 பாகையில் சீவி ஒட்டினால் விளிம்பு கத்திபோல் மெலிந்து, சில மாதங்களிலேயே பொரிந்து, வெள்ளை அச்சுக்கு அடியில் உள்ள உடலைக் காட்டத் தொடங்கும். படிக்கென்றே உருட்டிய விளிம்பும் வரிப்பள்ளங்களும் வைத்து விற்கும் ஸ்டெப் டைல்கள் இந்தக் குறைகளைப் பெரும்பாலும் தீர்க்கின்றன. செலவு குறைந்த வீடுகளுக்கு அவற்றை நான் தயங்காமல் சொல்வேன். இந்த வீட்டில் அவை விலக்கப்பட்டது, கடையில் இருந்த மூன்று நிறங்களும் எந்தத் தரையோடும் சேராமல் நின்றதால்தான்.

தேக்குப் பலகை அழகுதான். ஆனால் வயலை ஒட்டிய மனை, கரையான் மண், மழைக்காலத்தில் ஈரம் கோத்து நிற்கும் காற்று. பலகை விரிந்து சுருங்கி முனகுவதைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலை வீட்டில் யாருக்கும் இல்லை. பளிங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆனது என்பதால் எலுமிச்சையும் புளியும் மோரும் பட்ட இடத்தில் மினுக்கு போய்விடும். காலடி மணலுக்கும் அது மென்மையானது. இராஜஸ்தானத்துக் கோட்டா கல்லைப் பரிந்துரைக்க எனக்கு ஆசை இருந்தது. குளிர்ச்சியான, உழைக்கும் கல். "பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும்" என்று முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் நின்றவர் சொன்னபோது மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

கிரானைட்டில் நான்கு கற்களைப் பார்த்தோம். ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி, கருப்பில் பொன்துகள் மின்னுவது. கடைக்காரரின் விருப்பம் அதுவே. தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்து டேன் பிரவுன், வெள்ளை டைலுக்கு அருகில் மங்கிய செந்நிறமாகத் தெரிந்தது. காஷ்மீர் ஒயிட் என்று பெயர் சூட்டிக்கொண்டு உண்மையில் மதுரை மாவட்டத்திலிருந்து வரும் வெள்ளைக் கல், தரையோடு மிக இயல்பாகக் கலந்தது. ஆயினும் அது நீரை உறிஞ்சக்கூடிய கல், சிமென்ட் கலவையின் ஈரம் மேலே ஊறி வந்து திட்டுத்திட்டாகக் கறுக்கும், விளக்கெண்ணெய் சிந்தினால் கறை உள்ளே இறங்கும். பூஜை அறைக்குப் போகும் படியில் எண்ணெய் சிந்தாமல் இராது. எஞ்சியது ஓங்கோல் பகுதியின் ஸ்டீல் கிரே. கருப்பும் சாம்பலும் நெருங்கக் கலந்த அந்தக் கல், தூசியையும் காலடியையும் பிளாக் கேலக்ஸி காட்டிக்கொடுப்பதுபோல் காட்டிக்கொடுப்பதில்லை. அதையே தேர்ந்தோம்.

கருங்கற்களை வாங்குவோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. வெளிறிய கல்லுக்குச் சாயமேற்றிக் கருப்பாக விற்பதும் உண்டு. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் சாயம் துணியில் ஏறும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்துவிடுவது நல்லது.

கண்ணும் காலும்

வெள்ளைத் தரைக்குக் கரும்படி என்ற வேறுபாடு கண்ணுக்கு எடுப்பாக இருக்கும் என்பது கடைகளின் பொதுவான வாதம். மிதிக்குக் கருங்கல்லும் ரைசருக்குத் தரையின் வெள்ளை டைலும் வைத்தால் ஒவ்வொரு படியும் பிரிந்து தெரியும், தரையும் படியும் ஒன்றோடொன்று பேசும் என்பதும் சரிதான். ஆனால் இந்த வாதம் பாதிதான் உண்மை. ஏறுபவர் கண்ணுக்குத்தான் ரைசர் தெரியும். மேலே நின்று இறங்குபவருக்கு ரைசர் தெரியவே தெரியாது. ஒன்றின் கீழ் ஒன்றாக மிதிகள் மட்டுமே தெரியும். எல்லா மிதியும் ஒரே இருண்ட நிறமாக இருந்தால், புரை படர்ந்த கண்ணுக்கு அவை சேர்ந்து ஒரே சரிவாகத் தோன்றும். விழுந்தால் கேடு மிகுவதும் இறங்கும்போதுதான்.

ஆகவே அழகுக்காக வெள்ளை ரைசரை வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்காக ஒவ்வொரு மிதியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையைத் தீச்சுடரால் சுட்டுச் சொரசொரப்பாக்கச் சொன்னேன். ஃபிளேம்டு என்று பட்டறையில் சொல்லும் இந்த வேலையில் கல்லின் மேற்பரப்பு பொரிந்து உதிர்வதால் கால் பிடிப்பு கிடைப்பதுடன், மினுக்கு நீங்கிய இடம் வெளிறிய சாம்பலாகவும் மாறிவிடுகிறது. ஒரே கல்லில் இரண்டு நிறம். தனியே உலோகப் பட்டையோ ரப்பர் பட்டையோ ஒட்டத் தேவையில்லை. பட்டறைக்காரர் மூன்று வரிப்பள்ளம் போட்டால் போதும் என்றார். பள்ளம் காலுக்கு உதவும், கண்ணுக்கு உதவாது.

தரை டைலும் இந்தக் கட்டத்தில் மாறியது. நான் வற்புறுத்தவில்லை, பாட்டியம்மாவே முடிவு செய்தார். கடையிலிருந்து மினுக்கு டைல் ஒன்றும், அதே நரம்பு அச்சில் சாட்டின் எனப்படும் அரைமினுக்குப் பரப்புள்ள ஜி.வி.டி. டைல் (அதே அச்சுப் படல வகை, கண்ணாடி மினுக்கு ஏற்றாதது) ஒன்றும், மினுக்கே இல்லாத முழு மேட் டைல் ஒன்றுமாக மூன்றை வாங்கி வந்து கொல்லைப்புறத்தில் தட்டையாகக் கிடத்தி, சோப்புத் தண்ணீர் தெளித்து, மருமகள் ஒரு கையும் பேரன் முறையுள்ள மேஸ்திரி ஒரு கையும் பிடித்துக்கொள்ள, வெறுங்காலுடன் ஒவ்வொன்றின்மேலும் நின்றார். மினுக்கு டைலில் கால் வைத்ததும் எடுத்துவிட்டார். "இது வேண்டாம்மா, இதுல நான் நடக்கமாட்டேன்" என்றார். டைல்களின் வழுக்குத் தடையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிக்கும் ஜெர்மானிய முறை ஒன்று உண்டு. விவரத்தாளில் அதைக் கேட்டு வாங்க வேண்டும், பெட்டியில் அச்சிட்டிருப்பது அரிது. ஆனால் அந்தச் சோதனை எண்ணெய் ஊற்றிய சரிவில் காலணி அணிந்து நடப்பதை அடிப்படையாகக் கொண்டது. வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கும் நமக்கு, ஈரத்தில் வெறுங்காலுக்கான சோதனையே பொருத்தமானது. அன்று கொல்லையில் நடந்தது ஏறக்குறைய அதுதான். முழு மேட் பரப்பு மஞ்சளையும் குங்குமத்தையும் எளிதில் விடுவதில்லை என்று துடைத்துப் பார்த்த ஆசிரியை, சாட்டினில் நின்றார். கடைக்காரர் முன்பணத்தைப் புதிய மாதிரிக்கு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

நிறத்தின் சாயலையும் வீட்டிலேயே பார்த்தோம். கடையில் டைல் சாய்வாக நிற்கிறது, தலைக்கு மேலே நீலம் கலந்த வெண்விளக்கு எரிகிறது. வீட்டில் அது படுத்திருக்கும், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், மாலையில் மஞ்சள் விளக்கு எரியும். ஐவரி சாயலுள்ள டைல் ஒன்று கடையில் ஸ்டீல் கிரேயுடன் நன்றாகச் சேர்ந்தது. வீட்டுக் கூடத்தில் மாலை ஆறு மணிக்கு அது பழுத்த தாளாகவும் கல் நீலமாகவும் பிரிந்து நின்றன. நரம்பில் சாம்பல் இருந்த டைல்தான் காலை, மாலை, விளக்கு ஆகிய மூன்றிலும் கல்லோடு ஒட்டி நின்றது. கிரானைட் துண்டை இந்த ஒப்பீட்டில் ஈரப்படுத்தாமல் பார்க்க வேண்டும். ஈரக்கல் எப்போதும் அழகாகத் தெரியும்.

அளவும் துண்டும்

கடைப்பேச்சில் 600க்கு 1200 மி.மீ. டைல் "ரெண்டுக்கு நாலு" என்று வழங்குகிறது. கூடம் 14 அடிக்கு 20 அடி. 14-இல் ஏழு வரிசை, 20-இல் ஐந்து, ஆக 35 டைல் துண்டே இல்லாமல் பொருந்தும் என்று மேஸ்திரி மகிழ்ந்தார். ஆனால் இரண்டடி என்பது 600 அன்று, 609.6 மி.மீ. 20 அடி என்பது 6096 மி.மீ.; ஐந்து டைலும் இரண்டு மி.மீ. இடைவெளிகள் நான்கும் சேர்ந்து 6008. மீதி 88 மி.மீ. அதேபோல் அகலத்தில் 55 மி.மீ. மிஞ்சும். இந்தக் குறுந்துண்டுகளைத் தவிர்க்க நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் வெட்டினால், வெட்டுத்துண்டு ஒவ்வொன்றும் பாதி டைலைவிடச் சற்றுப் பெரியதாக வருவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு டைல் தேவைப்பட்டு, 35-க்குப் பதில் 48 டைல்கள் ஆகும்.

அப்போதுதான் படிக்கல் கூடத்துக்கு வந்தது. மிதிகள் வெட்டியபின் மிஞ்சும் ஸ்டீல் கிரே துண்டுகளையே இரண்டு சுவர்களின் ஓரம் 88 மி.மீ., 55 மி.மீ. பட்டைகளாகப் பதித்துவிட்டோம். ஒரு பட்டை சோபாவுக்கு அடியிலும் மற்றொன்று படிக்கட்டை நோக்கிப் போகும் சுவரோரமும் அமைந்தன. இரண்டும் ஒரே அகலமில்லை என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். முதல் படிக்கு அருகே போய்ச் சேரும் அந்தக் கரும்பட்டைதான் இந்த வீட்டில் தரையையும் படியையும் இணைக்கிறது. அதைக் கேட்டு வடிவமைத்ததாக வருவோர் எல்லோரும் எண்ணுகிறார்கள்.

பெட்டிக் கணக்கிலும் இதே அரைகுறை அடி ஒளிந்திருக்கிறது. ஒரு பெட்டியில் இரண்டு டைல், 16 சதுர அடி என்று சொல்வார்கள். சரியான அளவு 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. இந்த வீட்டில் வெட்டுக்கழிவு உட்பட 1240 சதுர அடி தேவைப்பட்டதால் 16-ஆல் வகுத்தவருக்கு 78 பெட்டியும் 15.5-ஆல் வகுத்த எனக்கு 80 பெட்டியும் வந்தன. அதன்மேல் நான்கு பெட்டி கூடுதலாக வாங்கி மாடிப் பரணில் வைக்கச் சொன்னேன். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் மாறினால் நிறம் மாறும். பிறகு ஓட்டம் நின்றுபோன மாதிரியைத் தேடி அலைவதைவிடப் பரணில் இடம் கொடுப்பது மேல்.

படிக்கு வேண்டியது: மூன்றரை அடி அகலத்தில் 16 மிதி, 18 ரைசர், ஒரு லேண்டிங். மிதிப் பலகை 12 அங்குலம், 250 மி.மீ. மிதியும் ஓர் அங்குல நோசிங்கும் போக மீதி மேல் ரைசருக்கு அடியில் செருகப்படும். விளிம்பை அரைவட்டமாக உருட்டும் கூலி நீள அடிக்கணக்கில் வாங்கப்படுவது. 16 மிதிகளுடன் லேண்டிங் விளிம்பையும் மேல்தள விளிம்பையும் சேர்த்து 63 அடி. மேல்தள விளிம்பை மறந்துவிடுவது வழக்கமான பிழை; அங்கே டைல் நேராக விளிம்பில் முடிந்தால் கடைசி நோசிங் மட்டும் வேறாகி, பார்வைக்கும் காலுக்கும் இடறும். ஆகவே மேல்தளத்திலும் படி தொடங்கும் ஓரத்தில் ஒரு மிதிப் பலகையையே பதித்து, அதன் பின்னால் டைலை நிறுத்தினோம்.

பதிப்பு வேலையில் ஒரே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். விட்ரிஃபைடு டைல் நீரை உறிஞ்சாது என்பதாலேயே சிமென்ட் பால் தடவி ஒட்டும் பழைய முறை அதற்குச் சரிப்படாது. பால் டைலுக்குள் வேர்விட வழியில்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15477-இன்படி செய்த பாலிமர் ஒட்டுப்பசையைப் பற்சீப்புக் கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுத்துப் பதித்தோம். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்தும் பழக்கத்தைக் கைவிட வைக்க இரண்டு நாள் பிடித்தது.

ஓராண்டுக்குப் பின்

ஆடி மாதத்தில் குடிபுகுந்தால் ஆகாது என்று ஆவணி வரை காத்திருந்து குடிபோனார்கள். அடுத்த ஆவணியில் சென்று பார்த்தேன். ரைசர்களை மீண்டும் அளந்தபோது மிகக் குறைந்தது 171, மிக உயர்ந்தது 176 மி.மீ.; மேஸ்திரியின் கை நல்ல கை. விளிம்புகள் பொரியவில்லை. பாட்டியம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வெளிறிய பட்டையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்குகிறார்.

குறைகளும் உண்டு. வெள்ளை ரைசரில் கால்விரல் இடிக்கும் உயரத்தில் அழுக்குக் கோடு விழுகிறது. வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் கண்ணை உறுத்துகிறது. சுட்ட பட்டையில் தூசி தங்குவதால் அங்கு துணி போதாமல் தூரிகை வேண்டியிருக்கிறது. முதல் ரைசர் கூடத்துத் தரையைத் தொடும் மூலையில் இடுக்கை நிரப்பும் கிரவுட் முடியளவு வெடித்திருக்கிறது. படியும் தரையும் வெவ்வேறாக அசையும் அந்த மூலையில் கடினமான கிரவுட்டுக்குப் பதில் நெகிழும் சீலன்ட் வைத்திருக்க வேண்டும். அதைக் குறிப்பில் எழுதாதது என் தவறு.

இரண்டாம் படியைத் தட்டினால் பொக்கென்று ஒலிக்கிறது. கலவை 53 மி.மீ. கனமாக நிற்கும் படி அது. அடியில் உள்ள சில படிகளில் முதலில் சிறுஜல்லிக் கான்கிரீட் ஓர் அடுக்கு போட்டு, காய்ந்தபின் மெல்லிய கலவையில் கல்லைப் பதிக்கச் சொல்லியிருந்தேன். மழை வரும் என்று அவசரப்பட்ட ஒரு மாலையில் இரண்டாம் படிக்கு மட்டும் முழுக்கனத்தையும் ஒரே கலவையாகக் கொட்டிவிட்டார்கள். அது சுருங்கி, கல்லை விட்டுக் கீழிறங்கியிருக்கிறது. கல் அசையவில்லை, விரிசலும் இல்லை. இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம் என்று முடிவு செய்து, நோசிங்கின் அடியில் பென்சிலால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். பரணில் டைல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உருட்டி, சுட்டு, தயாராக ஒரு மிதிப் பலகையும் சாய்ந்து நிற்கிறது.